வேலூர் மாவட்டத்து முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றின் சேவை: பயன்பெற்ற குடும்பத்தின் மதிப்பீடு

ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் காலமாகும்போது, அவருடைய மனைவிக்குச் சேர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் தானாக வந்து சேர்ந்துவிடுவதில்லை. எந்தப் படிவம், எந்த அலுவலகம், யாருடைய கையொப்பம் என்பதையெல்லாம் அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் வட்டாரத்தில் அந்த வேலையை எடுத்துச் செய்வது முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று. ஈ.எம்.இ. எனப்படும் ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையின் மறைவுக்குப் பிறகு, என் தாயாருக்காக இந்தச் சங்கத்தின் உதவியை நாடினோம். அதன் பிறகும் உறவினர்களுக்காகவும் அண்டை வீட்டாருக்காகவும் அங்கே போய் வந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்து, இச்சங்கம் எதில் உண்மையாகவே பயன்படுகிறது, எதில் போதாமல் இருக்கிறது என்பதை இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்தில் இப்படியொரு சங்கத்துக்கு வேலை குறைவதே இல்லை. முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றதையும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்ததையும் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொன்னால்தான் பலருக்கு அடையாளம் தெரியும். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் பட்டாளத்துக்குப் போன வீடுகள் அங்கே உண்டு. அக்கம்பக்கத்து ஊர்களிலும் தெருவுக்குச் சில வீடுகளாவது மிலிட்டரிக்காரர் வீடுகளாக இருக்கும். சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுப் பணியை முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். முப்பதுகளின் இறுதியிலோ நாற்பதுகளிலோ ஊர் திரும்பிவிடுகிறார். அதற்குப் பிறகு அவரும் அவர் குடும்பமும் அரசின் பல அலுவலகங்களோடு முப்பது, நாற்பது ஆண்டுகள் தொடர்பு வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நீண்ட காலத்தில்தான் சங்கத்தின் தேவை எழுகிறது.

சங்கத்தையும் அரசு அலுவலகத்தையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். மாவட்டந்தோறும் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாநில அரசின் கீழ் இயங்குவது. மாவட்ட சைனிக் வாரியம் என்று சொல்லப்படும் அமைப்புக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். மத்தியில் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த கேந்திரிய சைனிக் வாரியம் இருக்கிறது. அடையாள அட்டை தருவதும், உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவதும் மாவட்ட அலுவலகத்தின் அதிகாரம். சங்கமோ ஓய்வு பெற்றவர்கள் தாங்களே கூடிப் பதிவு செய்துகொண்டது. எதையும் அனுமதிக்கும் உரிமையோ மறுக்கும் உரிமையோ அதற்குக் கிடையாது. அங்கே போய் உட்கார்ந்தவுடன் பணம் வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் திரும்பி வராதபடி தயாரித்துக் கொடுப்பதும், திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று படித்துச் சொல்வதும்தான் சங்கம் தருவது. என் கணக்கில் அது சிறிய உதவி அன்று.

சங்கத்துக்கென்று இருப்பது ஒரே அறை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையில் திறந்திருக்கும். ஒரு மேசை, ஒரு கணினி, அச்சு இயந்திரம், இரும்பு அலமாரி, சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைக்கு எதிர்ச்சுவரில் கையால் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று தொங்குகிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு, ஈ.எம்.இ.க்குச் செகந்திராபாத், பீரங்கிப் படையான ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்மர்ட் கோருக்கு அகமதுநகர், மெடிக்கல் கோருக்கு லக்னோ என்று அந்தந்தப் பிரிவினரின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கும் ஊர் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. கணவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதே சரியாகத் தெரியாமல், "பீரங்கி ஓட்டிக்கிட்டு இருந்தாருங்க" என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு மூதாட்டியிடம், ஓய்வு பெறும்போது ராணுவம் பணி விவரங்களை எழுதித் தரும் டிஸ்சார்ஜ் புக்கைச் சங்கத்தார் வாங்கிப் பார்த்து, அந்த அட்டையில் நாசிக் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டியதை நான் நேரில் கண்டேன். ஓய்வூதிய ஆணையை வெளியிடும் அலுவலகம் பிரயாக்ராஜில் இருக்கிறது, பணிப்பதிவு வேறோர் ஊரில் இருக்கிறது, பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது என்னும் இந்த அமைப்பை, ஊரை விட்டு வெளியே போகாத ஒரு பெண்மணிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதற்குப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை சங்கத்தின் செயலாளரிடம் இருக்கிறது. அவர் ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர்; எல்லோரும் சுபேதார் சாப் என்றே அழைக்கிறார்கள். போர்முனையில் இருந்தவர்கள் சங்கத்தில் பலர் உண்டு, அவர்களுக்கு மரியாதையும் உண்டு. ஆனால் இச்சங்கம் நிற்பது பணிக்காலம் முழுவதும் கோப்புகளோடு பழகிய இந்த ஒருவரின் அறிவில்தான் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு தாளை எடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன விடுபட்டிருக்கிறது என்பதை முதலில் பார்ப்பவர் அவர்.

எங்கள் விஷயத்தில் விடுபட்டிருந்தது என் தாயாரின் பெயரில் ஒரு பகுதி. தந்தையின் டிஸ்சார்ஜ் புக்கிலும் ஓய்வூதிய ஆணையிலும் தாயாரின் பெயர் இறுதியில் "அம்மாள்" என்று முடிந்திருந்தது. ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் அந்த ஒட்டு இல்லை. பிறந்த ஆண்டும் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்தது. திருமணமான புதிதில் தந்தை தன் யூனிட்டில் சொல்லி எழுதவைத்த பெயர் அது; எழுதியவர் வட இந்தியர் என்பதால் எழுத்துக்கூட்டலும் சற்று மாறியிருந்தது. தந்தை உயிரோடு இருந்தவரை இதனால் எந்தச் சிக்கலும் வரவில்லை, எனவே யாரும் கவனிக்கவும் இல்லை. ஓய்வூதிய ஆணையில் உள்ள மனைவியும் ஆதாரில் உள்ள பெண்ணும் ஒருவரே என்று நிறுவ வேண்டிய நாள், அவர் போன பிறகுதான் வந்தது.

சங்கம் செய்த முதல் காரியம் இரண்டு எச்சரிக்கைகளைச் சொன்னது. தந்தை இறந்த பிறகும் அவர் கணக்கில் ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்டால் அதை எடுக்கக் கூடாது, பின்னால் வங்கி அதைத் திரும்பப் பிடிக்கும் என்பது ஒன்று. இறந்த நாள் வரைக்கும் சேர வேண்டிய பாக்கித்தொகை தனியாக வாரிசுக்கு வரும், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. துக்க வீட்டில் பணப்பேச்சை எடுக்கிறாரே என்று உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் இதைச் சொல்லாமல் விட்டதனால், எடுத்துச் செலவு செய்துவிட்ட தொகையைத் தவணையாகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பின்னர் அதே அறையில் சந்தித்தேன்.

அடுத்து, பெயர் வேறுபாட்டைச் சரிசெய்யும் வேலை. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ்களில் அறிவிப்பு, ஆதார், டிஸ்சார்ஜ் புக்கின் குடும்ப விவரப் பக்கம், தாயாரின் கணக்குப் புத்தகம், மாவட்ட நல அலுவலகத்தின் பரிந்துரை ஆகியவற்றை ஒன்றுசேர்த்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். ரெக்கார்ட் ஆபீஸ் தன் பதிவைத் திருத்தி, அதன் அடிப்படையில் திருத்திய ஓய்வூதிய ஆணை வர வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாம் திரும்பி வரும். உறுதிமொழிப் பத்திரத்தில் பெயர்களை எந்த மாதிரி எழுத வேண்டும் என்பதற்குச் சுபேதார் சாப் ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் புக்கில் தவறாக இருக்கும் எழுத்துக்கூட்டலை, தவறு என்று தெரிந்தாலும், அப்படியே எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நாங்கள் கொண்டுபோன முதல் படியில் வக்கீல் குமாஸ்தா அதைத் தாமாகவே திருத்தியிருந்தார். "அம்மா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். செகந்திராபாத்துக்கு இந்த எழுத்துதான் தெரியும்" என்று தாயாரிடம் சொல்லி, மறுபடி தட்டச்சு செய்யவைத்தார். தாயாரின் கையொப்பமும் ஒவ்வொரு தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வரிசையாக வைத்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டவிட்டார். அனுப்பியவை ஒரு முறைகூடத் திரும்பி வரவில்லை.

குடும்ப ஓய்வூதியத்தின் அளவு பற்றியும் இங்கே தெளிவு கிடைக்கிறது. கணவர் வாங்கிய தொகை அப்படியே வரும் என்று எதிர்பார்க்கும் பெண்கள் ஏராளம். ஓய்வு பெற்ற பிறகு இறந்தவரின் மனைவிக்குச் சாதாரண விகிதம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. கணவர் 67 வயதுக்கு முன்பே இறந்திருந்தால், இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் வரை அல்லது அவருக்கு 67 வயது நிறையும் நாள் வரை, எது முன்போ அதுவரை, 50 விழுக்காடு. பணியின் காரணமாக நேர்ந்த மரணத்துக்கு 60 விழுக்காடு சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். போர் நடவடிக்கையில் இறந்தவரின் மனைவிக்கு முழு ஊதியத்துக்கு ஈடான தொகை. இதோடு 80 வயது நிறைந்ததும் 20 விழுக்காடு கூடும். 85, 90, 95 என்று ஏற ஏற அதுவும் 30, 40, 50 என்று ஏறி, 100 வயதில் இரட்டிப்பாகும். பிறந்த தேதி பதிவில் இல்லாவிட்டால் இந்தக் கூடுதல் கிடைக்காமலே போய்விடும் என்பதால், வயதான பெண்கள் யார் வந்தாலும் பிறந்த தேதிப் பதிவைச் சங்கத்தார் கேட்டுப் பார்க்கிறார்கள். பழைய ஆணைகள் சிலவற்றில் மனைவியின் பெயரே சேர்க்கப்படாமலும் இருக்கிறது. கணவர் இருக்கும்போதே அதைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லி வருவது இச்சங்கம் செய்யும் ஆகச் சிறந்த காரியம் என்று நினைக்கிறேன்.

ஓய்வூதியம் முழுவதும் ஸ்பர்ஷ் என்ற இணையவழி அமைப்புக்கு மாறிய பிறகு சங்கத்தின் வேலை இரட்டிப்பாகிவிட்டது. முன்பு வங்கி மேலாளரைத் தெரிந்திருந்தால் போதும். இப்போது பயனர் எண், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்று எல்லாம் வேண்டும். ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று பதிய வேண்டும். பதியாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். வயல் வேலையில் கைரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு விரல் வைக்கும் கருவி பெரும்பாலும் ஒத்துழைப்பதில்லை. 2021 நவம்பரில் அறிமுகமான முகம் பார்த்து அடையாளம் காணும் முறை இவர்களுக்குப் பெரிய வரம். சங்கத்தில் இளையவர் ஒருவர், நாயக் என்ற பதவியில் ஓய்வு பெற்றவர், வீட்டைவிட்டு வர முடியாதவர்களின் வீட்டுக்கே கைப்பேசியோடு போய் இதைப் பதிந்து தருகிறார். திண்ணையில் வெளிச்சம் விழும் பக்கமாகப் பெரியவரை உட்காரவைத்து, கண்ணை மூடித் திறக்கச் சொல்லிப் படம் பிடித்து, பதிவு ஏறிய எண்ணைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது, சங்கத்தின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் எச்சரிக்கிறார். ஓய்வூதியர்களைக் குறிவைக்கும் மோசடி பெருகிவிட்ட காலத்தில் இது மிக அவசியம்.

ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கு ஏதோ ஒரு பிடிப்பு இருக்கிறது. பணிக்காலத்தை முழுமையாக முடிக்காமல் ஓய்வூதியமின்றி ஊர் திரும்பிய பழைய வீரர்களின் நிலைதான் என் மனத்தை மிகவும் வருத்துகிறது. ஹவில்தார் பதவி வரை இருந்து, ஓய்வூதியம் இல்லாமல், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் வாரியம் கொடிநாள் நிதியிலிருந்து வறுமை உதவித்தொகை தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2025 நவம்பர் 1 முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அதே சமயத்தில் பிள்ளைகளுக்கான கல்வி உதவி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகவும், மகள் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகவும் உயர்ந்தன. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் கொடிக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் விண்ணப்பம் இணையத்தில் போட வேண்டும், மாவட்ட நல அலுவலகம் சரிபார்க்க வேண்டும். கூலி வேலை செய்துகொண்டு, டிஸ்சார்ஜ் சான்றைத் தகரப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிட்ட ஒருவருக்கு இப்படியொரு தொகை இருப்பதே தெரியாது. சங்கத்தார் இப்படிப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஊரில் சாவு, கல்யாணம் என்று கூடும் இடங்களில் "இங்கே பழைய பட்டாளத்து ஆள் யாராவது இருக்காங்களா" என்று விசாரிப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஓய்வூதியம் இல்லாதவர்களிடம் சந்தா வாங்குவதும் இல்லை.

மருத்துவத்தைப் பொறுத்தவரை சங்கம் செய்யக்கூடியது குறைவு. முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் கீழ் வேலூர் பாலிகிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து ரெஃபரல் வாங்கிக்கொண்டு அனுமதி பெற்ற மருத்துவமனைக்குப் போக வேண்டும். கணவர் இறந்ததும் அட்டையில் மாற்றம் செய்ய வேண்டும் என்பதையும், சார்ந்து வாழும் பெற்றோரைச் சேர்ப்பதற்கு வருமான வரம்பு உண்டு என்பதையும் சங்கத்தில் சொல்லித் தருகிறார்கள், அவ்வளவுதான். வேலூருக்குப் பேருந்து ஏறிப் போக முடியாத முதியவர்களை, மாதாந்திர மருந்து வாங்குவதற்காக ஒரே வண்டியில் சேர்த்து அழைத்துப் போகும் ஏற்பாடு சில காலம் நடந்து நின்றுவிட்டது. அதை மறுபடி தொடங்கினால் பெரும் புண்ணியம்.

சட்டம் தொடர்பான விஷயங்களில் இச்சங்கத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஊனமுற்றோர் ஓய்வூதியம் பற்றி அங்கே கேள்விப்படுவதில் பாதி சரி, பாதி ஆசை. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்ற நிலையை உறுதி செய்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், ஊன விழுக்காட்டை 50, 75, 100 என்று மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சங்கத்தில் எல்லோரும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். ஆனால் மருத்துவ வாரியம் எழுதிய குறிப்பு, பணி இடம், நோயின் தன்மை என்று ஒவ்வொருவர் வழக்கும் வேறாக இருக்கும் என்பதைப் போதிய அளவு சொல்வதில்லை. கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போன என் உறவினர் ஒருவர், தன் மருத்துவ வாரிய அறிக்கையின் நகலைக்கூட முன்கூட்டி வாங்கிப் படித்திருக்கவில்லை. முதலில் அறிக்கையை வாங்கு, பிறகு வழக்கறிஞரைப் பார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்குக் காலமும் பணமும் மிஞ்சியிருக்கும். ராணுவ வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரை ஆண்டுக்குச் சில முறையாவது சங்கத்துக்கு அழைத்து வந்து ஆலோசனை கேட்க வழி செய்தால் இந்தக் குறை தீரும்.

மாதக் கூட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பதவியில் ஒரே காலம் பணியாற்றியவர்களுக்கு, எந்த ஆண்டு ஓய்வு பெற்றிருந்தாலும், ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை இவர்களுடைய வாழ்வில் எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் நடந்த போராட்டம், அந்த நவம்பரில் வந்த ஆணை, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்ட நிலுவை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை 2019இலும் 2024இலும் நடந்த மறுநிர்ணயம் ஆகிய அனைத்தும் அவர்கள் கையைச் சுட்ட விஷயங்கள். ஆயினும் கூட்ட நேரம் முழுவதும் அட்டவணையில் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்ற வாதத்திலேயே கழிந்துவிடுகிறது. பின்வரிசையில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெண்களின் முறை வரும்போது மணி பன்னிரண்டாகி, பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தைத் தனிப்பட்டவர்களின் மனுக்களுக்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு கொள்கை பேசலாம்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சங்கத்துக்கு உதவி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் வீரர்களின் மனைவியர், அதிலும் கணவரை இழந்தவர்கள். அப்படியிருந்தும் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. விதவைகள் இணை உறுப்பினராகத்தான் சேர முடியும். தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. இது யாரையும் அவமதிக்க எழுதிய விதி அன்று, பழைய விதி அப்படியே நிற்கிறது என்று எனக்கு விளக்கினார்கள். விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், விதியை ஏற்க முடியவில்லை. கணவரின் ஓய்வூதியத்துக்காகத் தனியாளாக மூன்று அலுவலகம் ஏறி இறங்கிய பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். புதிதாகக் கணவரை இழந்த ஒருத்தியிடம் உட்கார்ந்து பேச அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்கள். சில கேள்விகளை ஆண்கள் நிறைந்த அறையில் என் தாயாரால் கேட்க முடியவில்லை. வெளியே வந்து என்னிடம் சொல்லி, நான் உள்ளே போய்க் கேட்டு வந்தேன்.

பிள்ளைகளின் படிப்பு, வேலைவாய்ப்பு ஆகிய இரண்டிலும் சங்கத்தின் தகவல் தாமதமாகவே வருகிறது. பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் தொழிற்படிப்பு படிக்கும் மகளுக்கு மாதம் 3,000 ரூபாயும் மகனுக்கு 2,500 ரூபாயும் கிடைக்கும். கடைசித் தேதி நெருங்கிய பிறகு வாட்ஸ்அப் குழுவில் பகிரப்படும் செய்தியால் யாருக்கும் பயனில்லை. 1986இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் முன்னாள் படைவீரர்களுக்குக் காவல் பணி உள்ளிட்ட வேலைகளைத் தந்து வருகிறது. அதில் பதிவு செய்ய வழிகாட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில், தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நாற்பது வயதில் ஊர் திரும்பியவர்களுக்கு இது எத்தனை நல்ல வாய்ப்பு! ஆனால் திட்ட அறிக்கை தயாரிக்கவோ வங்கியில் பேசவோ சங்கத்தில் ஆள் இல்லை. அங்கே இருப்பவர்களின் திறமை கோப்பில் இருக்கிறது, தொழிலில் இல்லை. இளையவர்கள் சங்கத்தில் சேராமல் விலகி நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டணத்தைக் கேட்பவர்களுக்கு: உறுப்பினர்களுக்கு ஒரு முறை கட்டும் ஆயுள் சந்தா உண்டு. உறுப்பினர் அல்லாத குடும்பத்துக்கும் வேலையைச் செய்து தருகிறார்கள். அச்சுக்கும் தபாலுக்கும் ஆன செலவை மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது தருகிறார்கள். இதையே செய்து தருவதாகச் சொல்லும் தரகர்கள் அலுவலக வாசல்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இருக்கிறார்கள். நிலுவைத் தொகையில் பங்கு கேட்கிறார்கள், அசல் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சங்கத்தில் அசலைப் பார்த்த உடனேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சங்கம் விரைவில் முகம் கொடுத்தாக வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டு முடிந்து திரும்புவார்கள்; நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை மட்டுமே படையில் தொடர முடியும். திரும்புகிறவர்களுக்கு ஓய்வூதியமோ ஈ.சி.எச்.எஸ். அட்டையோ முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ கிடையாது. சங்க விதிப்படி அவர்களை உறுப்பினராகச் சேர்க்க இயலாது. இந்த வட்டாரத்தில் அப்படிச் சேர்ந்த பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களில் சிலர் இதே சங்கத்தின் உறுப்பினர்கள். விதியைத் திருத்தும் தீர்மானத்தை ஒருவர் கொண்டுவந்தார், விவாதித்து ஒத்திவைத்தார்கள். முதல் அணி ஊர் வந்து சேர்வதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்று எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் புதன்கிழமை போவது நல்லது. ஞாயிறன்று கூட்டம் அதிகம், சுபேதார் சாப் நிதானமாகப் பேச முடியாது. டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, கணவன் மனைவி இருவரின் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஸ்பர்ஷ் பதிவில் உள்ள கைப்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இறப்புக்குப் பிறகு போகிறீர்கள் என்றால் இறப்புச் சான்றின் பத்துப் பிரதிகளாவது வேண்டும், ஒவ்வொரு அலுவலகமும் ஒன்றைக் கேட்கும். கணவர் நலமாக இருக்கும் வீடுகளும் ஒரு முறை போய் வரலாம். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.